பல், வேறு துறை

ஊட்டச்சத்துத் துறைக் கட்டடத்தின் கீழ்வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டியிருக்கிறது. 'செய்திகளும் சாதனைகளும்' என்று அதற்குத் தலைப்பு. அதில் இப்போது என் படம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். மூடச் சொன்னார்கள். பல் இல்லாதவன் வாயைத் திறந்தால் படம் நன்றாக வராதாம். பல் இல்லை என்பதற்காகத்தான் படமே எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை நம்பித் தெருவில் சிலபேர் எனக்குக் கை கொடுக்கிறார்கள். இன்னும் யாராவது கையை நீட்டுவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படிக்காதவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். தேய்ந்து வழுக்கையான டயர்மேல் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கிற பட்டறையில் காலம் பூராவும் வேலை பார்த்தேன். அதனால் பளபளவென்று எது வந்தாலும் உடனே நம்பமாட்டேன். உள்ளே என்ன டயர் என்று தட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனே ஏமாந்தேன் என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பல் எல்லாம் போன பிறகு வீட்டுக்காரி எதைச் சமைத்தாலும் மிக்சியில் போட்டுக் கூழாக்கித் தந்தாள். அதோடு விட்டிருந்தால் சரி. தன் தட்டிலும் அதே கூழை ஊற்றிக்கொண்டாள். அவளுக்கு வாய் நிறையப் பல். இந்த வயதிலும் ஒன்றுகூட ஆடவில்லை. கல்யாணமான புதிதில் அவள் வறுத்த கடலை தின்கிற சத்தத்தில் எனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது.

"உனக்கென்ன கேடு? நீ கடிச்சுத் தின்ன வேண்டியதுதானே" என்றேன்.

"ரெண்டு பேருக்கு ரெண்டு சமையலா? எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்றாள்.

நம்பிவிட்டேன். ஒருநாள் மத்தியானம் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து கடக்முடக்கென்று சத்தம். எலிதான் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் நின்றேன். கதவு திறந்தது. அவள் நின்றாள். ஒரு கை பொத்தியிருந்தது. உதட்டோரம் கடலைத் தோல்.

"எலியா?" என்றேன்.

"ஆமா. ஓடிப்போச்சு" என்றாள்.

என் கண்முன்னால் கடிக்கக் கூடாது என்று, சொந்த வீட்டில் ஒளிந்து தின்கிறாள். அன்றைக்குத்தான் பல் செட் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். எனக்கு எதையும் தின்ன ஆசையில்லை. அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தின்ன வேண்டும்.

மாப்பிள்ளையிடம் யோசனை கேட்டேன். வயரிங் வேலை செய்கிறவர். நாலு இடம் போகிறவர் என்பதால் எல்லா விஷயமும் தெரியும். பாதி சரியாகவும் தெரியும்.

"மாமா, பல்கலைக்கழகத்துல சும்மாவே பல் செட் கட்டித் தர்றாங்க. பசங்க படிச்சுப் பழகுறதுக்காக."

"பழகுற பசங்க கையில என் வாயைக் குடுக்கச் சொல்றீங்களா?"

"உங்க வாயில கெட்டுப்போறதுக்கு இனி என்ன மாமா இருக்கு?"

நியாயம்தான். மறுநாள் போனேன்.

பல்கலைக்கழக வாசலில் இரண்டு பெரிய தூண்கள். பெயர் நீளமாக இருக்கிறதே என்று இடது தூணில் 'பல்' என்றும் வலது தூணில் 'கலைக்கழகம்' என்றும் செதுக்கியிருந்தார்கள். இடது தூணைப் படித்ததுமே எனக்கு நிம்மதி. ஆள் உயரத்துக்குப் பல் என்று எழுதிவைத்திருக்கிறவர்கள் அதைக்கூடவா செய்யமாட்டார்கள்?

காவல்காரர் நாற்காலியில் இருந்து எழாமல் கேட்டார்: "யாரைப் பாக்கணும்?"

"கடிச்சுச் சாப்பிட முடியலப்பா. இங்க பாக்குறாங்கன்னு சொன்னாங்க."

"சாப்பாட்டுப் பிரச்சினையா? அப்ப ஊட்டச்சத்து. நாலாவது மாடி. லிஃப்ட் ஓடாது."

ஏறினேன். ஊட்டச்சத்துத் துறையில் எண்ணெயில் பொரித்த வாசனை. எதிர்க்கடையிலிருந்து பொட்டலம் வந்திருந்தது. எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று தின்றுகொண்டிருந்தார்கள். சுவரில் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி ஒரு படம். பொட்டலத்தை அந்தப் படத்துக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். வேறு இடம் இல்லை போலும்.

துறைத் தலைவர் ஒரு அம்மா. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் வாயை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லம்மா."

"கடைவாய்ல?"

"எங்கயும் இல்ல."

"பிரமாதம்" என்றார். பட்டறையில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட என் பல் போனதற்கு அனுதாபம்தான் சொன்னான். சந்தோஷப்பட்ட முதல் ஆள் இந்தத் தலைவரம்மாதான்.

என்னை உட்காரவைத்து விளக்கினார். "ஐயா, முதுமையில பல் போறதை எல்லாரும் இழப்புன்னு நினைக்கிறாங்க. எங்க துறை அதை ஒரு வாய்ப்பா பாக்குது."

வாய் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அதற்கு வாய்ப்பு என்று பெயர் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஒரு மாவு கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரில் கலக்கிக் குடித்தால் போதும், மெல்லவே வேண்டாம். திட்டத்துக்கு 'மெல்லாமல் மேன்மை' என்று பெயர். அதற்குத்தான் என்னைப் போல முழு வழுக்கை வாயாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

"அதெல்லாம் குடிக்கிறேம்மா. பல்லு யாரு வைப்பா?"

"பல், வேறு துறை" என்றார்.

என் காதில் 'பல்வேறு துறை' என்று விழுந்தது. ஆகா, ஒரு துறை இல்லை, பல்வேறு துறையும் கூடி நின்று எனக்குப் பல் வைக்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா, பல்வேறு இல்ல. பல்லு. வேற துறை. எதிர்க் கட்டடம். நீங்க போனது சாப்பாட்டுத் துறை."

"அப்ப அந்தத் தூண்ல பல்னு எழுதியிருக்கே?"

"அது பல கலைங்கிற அர்த்தத்துல மாமா."

"'பல'ன்னா 'பல'ன்னு எழுதணும். எதுக்குப் புள்ளி வைக்கிறான்?" என்றேன். அந்தப் புள்ளி பின்னால் என்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது எனக்கும் தெரியாது.

மறுநாள் எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவரே, உங்க வாய் ஊட்டச்சத்துத் துறை பேர்ல இருக்கு."

"வாய் என்னோடதுப்பா."

"இருக்கலாம். ஆனா திட்டம் முடியிற வரைக்கும் அது அவங்க தரவு. நாங்க பல்லை வெச்சா தரவு கெட்டுடும். அவங்க விடுவிச்சுக் கடிதம் குடுத்தா வாங்க."

திரும்ப நாலு மாடி ஏறித் தலைவரம்மாவிடம் கேட்டேன். "மதிப்பீட்டுக் குழு வந்துட்டுப் போகட்டும் ஐயா. எல்லாம் மெல்ல மெல்ல நடக்கும்" என்றார்.

"மெல்ல முடிஞ்சா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "நகைச்சுவை உணர்வு கூடியிருக்கு. குறிச்சுக்கோ" என்றார். அடுத்த முறை போனபோது கண்ணாடிப் பெட்டியில் 'பயனாளிகளின் மனநலத்தில் வியத்தகு முன்னேற்றம்' என்று இருந்தது.

குறித்துக்கொண்ட பெண் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குக் கீழே கருவளையம். கண்ணாடிப் பெட்டிக்குச் செய்தி எழுதுவது, எங்களை எடை பார்ப்பது, லிஃப்ட் ஆளைத் தேடுவது எல்லாம் அவள்தான். சாப்பிட நேரம் கிடையாது. பைக்குள் கையை விட்டு பிஸ்கட்டை ஒடித்து ஒடித்து வாயில் போட்டுக்கொள்வாள். துறையிலேயே சத்துக் குறைவான ஆள் அவள்தான் என்று எனக்குப் பட்டது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

போகும்போதெல்லாம் அவள் என்னை ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைப்பாள். மேசை நிறைய பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாடு. ஆப்பிள், ரொட்டி, முட்டை, கோழிக்கால்.

"நேத்து சாப்பிட்டதைத் தொட்டுக் காட்டுங்க தாத்தா."

"கூழு. அப்புறம் உங்க மாவு."

"அதுக்குப் பொம்மை இல்ல. இதுல இருக்கிறதைத்தான் காட்டணும். மாமிசம்? முழுத் துண்டா, அரைத் துண்டா?"

"பல்லே இல்லையேம்மா."

"எனக்குத் தெரியும் தாத்தா. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முழுத் துண்டா, அரைத் துண்டா?"

அரை என்றேன். பாவம், அவளும் வீட்டுக்குப் போக வேண்டும். கோழிக்காலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. நல்ல பல்.

"இது யாரு கடிச்சது?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "போன தடவை வந்த மதிப்பீட்டுக் குழுத் தலைவர். டீயோட வெச்சிருக்கோம்னு நெனச்சுட்டார்."

"துப்பலையா?"

"அவ்வளவு பேர் முன்னால எப்படித் துப்புவார்? நல்லாருக்குன்னு சொன்னார். அந்த வருஷம் எங்களுக்கு முதல் தரம்."

மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். சொல்ல ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு அடிக்கிறவன் வாளியைக் கழுவி ஊற்றின மாதிரி இருக்கும். வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "பாவம், கஷ்டப்பட்டுப் படிச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள். அதற்கப்புறம் தொடவில்லை. கூழையே குடித்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்து, கடிக்க ஒன்றும் இல்லாத முகத்தோடு.

அந்த மாவுக்கு எங்கேயோ பரிசு கொடுத்துவிட்டார்கள். அதற்கு விழா. முன்வரிசை பூராவும் நாங்கள், பயனாளிகள். அந்த வரிசை முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு பல் தேறாது. வெளியிலிருந்து வந்த நிபுணர் எங்களைப் பார்த்தே பேசினார்.

"ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மென்னு விழுங்கணும். அவசரப்படக் கூடாது. உங்க பல்லை நீங்க மதிச்சாத்தான் பல் உங்களை மதிக்கும்."

கை தட்டினோம். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் என் காதில், "இவரு வேற விலாசத்துக்கு வந்த கடுதாசி" என்றார். விழா முடிந்து ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். உள்ளே முழுப் பாதாம். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரி அதை அலமாரி மேல் வைத்தாள். நாளாக ஆக டப்பா லேசானது. குளியலறைக் கதவும் அடிக்கடி சாத்திக்கொண்டது. எலியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

கடைசியில் மதிப்பீட்டுக் குழு வந்தது. அன்றைக்கு லிஃப்ட் ஓடியது. பிளாஸ்டிக் சாப்பாட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள், தலைவர் அதே ஆள்தான் என்பதால். என்னை நடுவில் நிறுத்திவைத்துத் தலைவரம்மா பேசினார்.

"இவர் எங்ககிட்ட வந்தப்போ இவருக்குப் பல் இல்ல. இன்னைக்கும் இல்ல. இவ்வளவு காலத்துல இவர் நிலைமையில ஒரு சின்ன மாற்றம்கூட வராம பாத்துக்கிட்டோம்ங்கிறதைப் பெருமையோட சொல்லிக்கிறேன். மத்த இடங்கள்ல பயனாளிகள் குணமாகிப் போயிடுறாங்க. தொடர்ச்சி இருக்குறதில்ல. எங்க துறையிலிருந்து இதுவரைக்கும் யாரும் அப்படிப் போனதில்ல."

குழு தலையாட்டியது. தலைவர் என்னிடம் குனிந்து கேட்டார்: "பெரியவர் சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

இதற்காகத்தானே இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று சொல்ல வழியில்லை. ஆனால் காத்திருந்தேன். ஒரே வார்த்தைதான். தெளிவாகச் சொன்னேன்.

"பல் வேணும்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பொக்கை வாயிலிருந்து அந்தச் சொல் காற்றோடு வந்தது.

"பல வேணுமா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க" என்று தலைவரம்மா முந்திக்கொண்டார். "ஒரு பாக்கெட் போதலைங்கறார். பல பாக்கெட் வேணுமாம்."

நான் திரும்பச் சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை. தலைவர் என் தோளைத் தட்டினார். அப்போதுதான் படம் எடுத்தார்கள். வாயை மூடச் சொன்னார்கள். மூடினேன்.

கண்ணாடிப் பெட்டியில் என் படம் ஏறியது. கீழே: "பல வேண்டும்! — பயனாளியின் உருக்கமான வேண்டுகோள். பல்வேறு துறைகளின் ஒத்துழைப்புடன் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடக்கம்."

எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தபோது பின்னால் அந்தப் பெண் நின்றாள்.

"நான் புள்ளி வெச்சுத்தான் எழுதினேன் தாத்தா. ஒப்புதலுக்கு மேல போயிட்டு வரும்போது புள்ளி இல்ல."

"இரண்டாம் கட்டம் எப்ப முடியும்?"

"மூணாம் கட்டம் தொடங்கும்போது." பிஸ்கட்டை ஒடித்தாள். "தாத்தா, நீங்க விலகுறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. முதல் நாளே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா எல்லாரும் விலகிடுவாங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

"நான் போயிட்டா உன் படிப்பு?"

"அது எப்படியும் மெல்ல மெல்லத்தான் முடியும். நீங்க போய் சொல்லுங்க."

சொன்னேன். அலுவலகத்தில், "சரி, அம்மாகிட்ட சொல்லிடுறோம். வீட்டுக்குப் போங்க" என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது உடம்பில் தெம்பே இல்லை. படியேறிப் படியேறி முட்டிதான் தேய்ந்தது. பல் எப்போது வருமோ, வருமோ வராதோ. வீட்டுக்காரி கூழை எடுக்கப் போனாள்.

"அது இருக்கட்டும். கடலை இருக்கா?" என்றேன்.

"எந்தக் கடலை?"

"எலி திங்குமே, அந்தக் கடலை."

கூழ்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"இப்படி உக்காரு. என் முன்னாடி தின்னு."

"நீங்க பாத்துட்டிருக்கும்போது எப்படிங்க?"

"கண்ணை மூடிக்கிறேன். தின்னு."

முதலில் சத்தம் வராமல் கடித்தாள். "திருடி மாதிரி கடிக்காத" என்றேன். அப்புறம் கடித்தாள் பாருங்கள். புதுக் கல்யாணத்தில் கேட்ட அதே சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மனதுக்கு நன்றாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தலைவரம்மா. எனக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

"ஐயா, விலகுறீங்கன்னு சொன்னாங்க. வருத்தமா இருக்கு. காரணம் தெரிஞ்சுக்கலாம்னு... அது என்ன சத்தம்?"

"கடலைம்மா."

"கடலையா? யாரு மெல்றாங்க?"

"எங்க வீட்டுல மெல்றாங்க" என்றேன். பெண்டாட்டியை வேறு எப்படிச் சொல்வது? மரியாதைக்கு அப்படித்தானே சொல்வோம்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வீட்டுல மெல்றாங்களா? கடலையையா?" என்றார். பக்கத்தில் யாரிடமோ, "குறிச்சுக்கோ" என்றார். "ஐயா, உங்களை உடனே விடுவிக்கிறேன்."

நல்ல மனசு என்று நினைத்தேன். மறுநாளே கடிதம் வந்தது, முத்திரையோடு. அதைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். எழுத்தர் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பப் படித்தார்.

"பெரியவரே, 'மெல்லாமல் மேன்மை' மாவை உட்கொண்டதன் பயனாக மெல்லும் திறன் மீண்டதால் திட்டத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார்னு போட்டிருக்கு."

"மெல்றது நான் இல்லப்பா. எங்க வீட்டுல."

"அதையும் போட்டிருக்காங்க. வீட்டில் கடலை மெல்லுவது தொலைபேசி வழியே நேரடியாக உறுதி செய்யப்பட்டதுன்னு." கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "மெல்ல வர்றவங்களுக்கு நாங்க பல் வைக்கிறதில்ல. இல்லாதவங்க எத்தனையோ பேர் காத்திருக்காங்க."

வாயைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். "அதனாலதான் இது சாதனை" என்றார்.

வெளியே வரும்போது ஊட்டச்சத்துத் துறையின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். அதே படம். கீழே மட்டும் புதுத் தாள் ஒட்டியிருந்தது: "பல்லின்றிக் கடலை மெல்லும் முதியவர்: துறையின் உலகளாவிய சாதனை." இந்த முறை புள்ளியெல்லாம் சரியாக இருந்தது. தெருமுனையில் ஒருவர் கை கொடுத்தார். கொடுத்தேன். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. மடியில் கடலைத் தட்டு.

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு மெல்ல வருதாம்."

அவள் என் வாயைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப இந்தாங்க."

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அது பாட்டுக்கு அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அவள் கடித்தாள். நான் உப்பை உறிஞ்சினேன்.